ஐம்பது புள்ளி: காரைக்குடியில் ஒரு மூவர் ராக் குழுவுக்குக் கூட்டம் சேர்வது எப்படி

காரைக்குடியில் மூன்று பேர் சேர்ந்து ராக் இசைக்குழு தொடங்கினால், முதல் கவலை பாட்டைப் பற்றி வராது. இடத்தைப் பற்றித்தான் வரும். ஒருவர் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறார், இன்னொருவர் அடிச் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார், மூன்றாமவர் டிரம்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கிட்டாரைத் திண்ணையில் உட்கார்ந்து பழகலாம். பேஸை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகலாம். டிரம்ஸை என்ன செய்வது? கிட்ட நின்று கேட்டால் 105 டெசிபல் வரை போகிற கருவி அது. திறந்தவெளியில் தொலைவு இரண்டு மடங்காகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். அப்படிப் பார்த்தால் 300 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் கிட்டத்தட்ட 55 டெசிபல் போய்ச் சேரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் வைத்திருக்கும் வரம்பே 55தான், இரவில் 45. வழியில் சுவர்களும் வீடுகளும் நிற்பதால் கொஞ்சம் குறையும் என்றாலும், மூன்று தெருவுக்குத் தெரியாமல் டிரம்ஸ் பழக முடியாது.

இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வளர்ந்துவரும் ராக் குழு என்றதும் நகரத்துக் கதைதான் நம் மனதில் ஓடும். கல்லூரிக் கலைவிழாப் போட்டி, பிறகு காபிக் கடை மேடை, பிறகு பெரிய அரங்கு என்று படிப்படியாக ஏறுகிற கதை. சென்னையிலோ பெங்களூரிலோ அந்தப் படிகள் இருக்கின்றன. செட்டிநாட்டில் அப்படி வரிசையாக இல்லை. ஆனால் இசை கேட்கக் கூடும் பழக்கம் இங்கே நகரத்தைவிடப் பழையது. திருவிழா மேடை இருக்கிறது, கல்யாண வீடு இருக்கிறது, நூறு பேர் உட்காரும் கூடங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் நினைப்பில் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. மூன்று பேர் மட்டுமே உள்ள குழுவுக்கு இவை எல்லாம் எட்டும். அப்படியொரு குழு எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுக்கும், அதற்கென்று ஒரு கூட்டம் எப்படித் திரளும் என்பதைப் பார்ப்போம்.

மூன்று பேர் ஏன்

மூவர் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காரைக்குடி சகோதரர்கள் என்று பெயர் பெற்றவர்கள் வீணைக் கலைஞர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும். அண்ணன் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார், தம்பி வழக்கம்போல் கிடத்தி வாசிப்பார். இரண்டு வீணையோடு ஒரு மிருதங்கம். நரம்பு இரண்டு, தாளம் ஒன்று என்ற அந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு வீணையின் இடத்தில் மின்சாரக் கிட்டாரையும் இன்னொன்றின் இடத்தில் பேஸையும், மிருதங்கத்தின் இடத்தில் டிரம்ஸையும் வைத்தால் ராக் மூவர் வந்துவிடும். இசை வேறுதான். ஆனால் மூன்று பேர் மேடையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிக்கும் ஒழுங்கு ஒன்றுதான்.

ராக் இசையில் இதை பவர் ட்ரையோ என்பார்கள். 1966ல் லண்டனில் க்ரீம் குழுவும், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸும் ஒரே ஆண்டில் உருவாகி இந்த வடிவத்துக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்தன. அமெரிக்காவில் அபர்டீன் என்ற மரம் வெட்டும் சிற்றூரில் 1987ல் தொடங்கிய நிர்வாணாவும் மூவராகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. சிறிய ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வடிவம் ஏன் பொருந்துகிறது என்பதை அதன் வேலை செய்யும் விதமே சொல்லிவிடும்.

நால்வர் குழுவில் இரண்டு கிட்டார் இருக்கும். ஒருவர் தனியாக வாசிக்கப் போனால் மற்றவர் பின்னணியைப் பிடித்துக்கொள்வார். மூவர் குழுவில் கிட்டார்காரர் தனி வாசிப்புக்குப் போன நொடியிலேயே பாட்டின் நடுப்பகுதி காலியாகிவிடும். அந்த வெற்றிடத்தை பேஸ்தான் நிரப்ப வேண்டும். அதனால் மூவர் குழுவில் பேஸ் வாசிப்பவர் பின்னால் நிற்கும் ஆளாக இருக்க முடியாது. பாட்டின் சுரத்தையும் தாளத்தையும் ஒரே நேரத்தில் சொல்கிறவர் அவர்தான். அவருடைய கருவியில் கொஞ்சம் கரகரப்பு சேர்த்தால் மேல் சுரங்கள் எழுந்து கிட்டார் விட்டுப்போன இடத்தை மூடும். டிரம்மரும் வெறுமனே நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் அவர்தான் பேச வேண்டும்.

இதில் ஒரு கடுமையும் உண்டு. மூன்று பேரில் ஒருவர் தவறினால் கூட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும், ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. நான் மூவர் குழுக்களை விரும்பிக் கேட்பதற்கு இதுவே காரணம். யார் என்ன செய்கிறார் என்று கேட்பவருக்குப் புரிகிறது. புதிதாக ராக் கேட்க வருபவருக்கு, முக்கியமாகத் திருவிழாக் கூட்டத்தில் நிற்பவருக்கு, இந்தத் தெளிவு பெரிய உதவி.

பணக் கணக்கும் இருக்கிறது. மெல்லிசைக் குழு என்றால் பாடகர்கள், கீபோர்டு, தபேலா, பேடு, அறிவிப்பாளர் என்று ஒரு வேன் நிறைய ஆள். மூவர் குழு ஒரு காரில் கருவியோடு அடங்கிவிடும். சம்பளத்தை மூன்றாகப் பிரித்தால் போதும். சின்னத் தொகைக்கும் ஒப்புக்கொண்டு வாசிக்கலாம் என்பதால் அதிகம் மேடை கிடைக்கும், அதிகம் மேடை ஏறினால் வாசிப்பு இறுகும்.

கூடமும் முற்றமும்

செட்டிநாட்டு வீட்டை ராக் குழுவின் காதோடு பார்க்க வேண்டும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பின்னோக்கி நீளும் வீடு. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பளபளப்பான பூச்சு, தூண்கள் பர்மாத் தேக்கு அல்லது கருங்கல். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் இந்தப் பரப்புகள் எல்லாம் சத்தத்தை உறிஞ்சாதவை. விழுந்த ஒலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதை அளக்க வழி உண்டு. 1895ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம், பேசுவது எதுவும் விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை வந்தது. அவர் இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுவந்தும் எடுத்தும், ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தார். அவர் கண்ட விதி எளிமையானது: கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் வரும். உறிஞ்சுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது அல்லவா?

இப்போது ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். எல்லாப் பக்கமும் சாத்தியிருக்கிறது, பரப்புகள் நூற்றுக்கு மூன்று பங்கு ஒலியைத்தான் உறிஞ்சுகின்றன என்றால், ஒரு சத்தம் அடங்க ஏறக்குறைய 6 நொடி ஆகும். டிரம்மர் ஒரு அடி அடித்தால் அது அடங்குவதற்குள் அடுத்த பத்து அடி விழுந்துவிடும். எல்லாம் குழம்பிப் போகும். நாதஸ்வரத்துக்கும் ஒற்றைக் குரலுக்கும் அழகு சேர்க்கிற கூடம் ராக் குழுவைக் கொன்றுவிடும்.

அதே கூடத்தின் ஒரு நீளப் பக்கம் முழுவதும் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருந்தால்? 60 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் கிடைத்த மாதிரி. 6 நொடி 0.85 நொடியாக இறங்கிவிடும். ராக் வாசிப்பதற்கு அது நல்ல அளவு. செட்டிநாட்டு வீட்டில் அப்படித் திறந்த இடம்தான் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள். முகப்பின் கூடத்தில் ஆடம்பரம் அதிகம், ஆனால் வாசிக்க வேண்டிய இடம் உள்ளே வளவுதான். முற்றத்தைப் பார்த்துக் கருவிகளை வைத்து, முதுகுப் பக்கச் சுவரில் இரண்டு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் செலவில்லாமல் ஓர் அரங்கு கிடைத்துவிடும். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது. கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் மட்டும் திறக்கும் வீட்டில், மாதத்தில் ஒரு மாலை இசைக்காகவும் வெளிச்சம் எரிந்தால் வீட்டுக்கும் நல்லது.

வாசிக்க இடம் அப்படி. பழகும் இடத்துக்கு ஊர் எல்லைக்குத்தான் போக வேண்டும். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் அதிகம். நெல் மூட்டைகள் அடுக்கிய கிடங்கைவிடச் சத்தத்தை நன்றாக விழுங்கும் அறை கிடைப்பது கடினம். தோட்டத்து மோட்டார் அறை கிடைத்தாலும் போதும், பம்பு ஓடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ரேடியோ செட்டும் பேஸும்

கிராமத்துத் திருவிழாவில் ராக் வாசிப்பவர்கள் சந்திக்கும் பெரிய சங்கடம், பேஸ் காணாமல் போவது. விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் நம் பக்கத்து ரேடியோ செட்காரர்களின் தொழில் குழாய் ஸ்பீக்கரில் வளர்ந்தது. அது பேச்சைத் தூரத்துக்கு அனுப்பச் செய்த கருவி. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் அவ்வளவாக ஒன்றும் வராது. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில். ஆக, மூவரில் ஒருவர் மேடையில் வாசிக்கிறார், தெருவில் அவர் இல்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வகை மட்டும் என்று காவல்துறை அனுமதியிலேயே நிபந்தனை போடுவது வழக்கமாகிவிட்டது. பெரிய பேஸ் பாக்ஸ்கள் வந்துவிட்டன. அப்படியும் அவை சினிமாப் பாட்டைத் திடும் திடுமென்று அதிரவைக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். அதில் பேஸ் கிட்டாரை நேரடியாகச் செருகினால் எந்த சுரம் என்றே தெரியாமல் உறுமும். குழு செய்ய வேண்டியது, ரேடியோ செட்காரரிடம் முன்கூட்டியே போய் உட்காருவது. "அண்ணே, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து ஒரு பாட்டு போட்டுப் பாத்துக்கிறோம்" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்கிறவர் அபூர்வம். அவருக்கும் தன் செட் நன்றாகப் பாட வேண்டும் என்ற ஆசை உண்டு. மேடையில் பாதி வெற்றி அவர் கையில் இருக்கிறது, அவரைக் குழுவின் நான்காவது ஆள் என்றே நினைக்க வேண்டும்.

பேஸில் கரகரப்பு சேர்ப்பது பற்றிச் சொன்னேன். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. கைபேசி ஸ்பீக்கரும் ஒரு வகையில் குழாய் ஸ்பீக்கர்தான், அடி ஒலி அதிலும் வராது. ஆனால் மேல் சுரங்கள் கேட்டால் நம் காதே அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். கைபேசியில் முதன்முதலாக இந்தக் குழுவைக் கேட்கப்போகிறவர்களே அதிகம் என்பதால், பேஸின் ஒலியை வடிவமைக்கும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

திருவிழா மேடையில் சொந்தப் பாட்டு

இந்தப் பக்கம் ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு மண்டகப்படி. குடும்பமோ, தெருவோ, சங்கமோ அந்த நாளின் செலவை ஏற்கும். சாமி புறப்பாடும் அன்னதானமும் போல இரவுக் கலை நிகழ்ச்சியும் அதில் அடக்கம். வள்ளி திருமணம் நாடகம் போடலாம், கரகாட்டம் வைக்கலாம், மெல்லிசைக் கச்சேரி வைக்கலாம். ராக் குழுவுக்கு வாசல் இங்கேதான் இருக்கிறது. கோயில் கமிட்டியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரியாது. மண்டகப்படிக்காரரைப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒருவர் இருந்தால் பேச்சு எளிதாகும்.

மேடை கிடைத்துவிட்டது. என்ன வாசிப்பது? கூட்டம் சினிமாப் பாட்டைத்தான் எதிர்பார்க்கும். மேடைக்குத் துண்டுச் சீட்டு வரும். அதை மதிக்காமல் இரண்டு மணி நேரம் சொந்தப் பாட்டையே வாசித்தால் கூட்டம் எழுந்து போய்விடும். முழுக்கச் சினிமாப் பாட்டையே வாசித்தால் கைதட்டல் கிடைக்கும், பெயர் நிற்காது. மறுநாள் "நேத்து யாரு வாசிச்சது?" என்றால் "ஏதோ ஆர்கெஸ்ட்ரா" என்பார்கள். வளர நினைக்கும் குழு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தேங்கிவிடுகிறது. மேடை தொடர்ந்து வரும், ஆனால் குழுவுக்கென்று ஓர் ஆளும் சேர்ந்திருக்க மாட்டார்.

என் யோசனை இது. மெல்லிசைக் கச்சேரிகள் பாட்டில்லாத ஒரு டைட்டில் மியூசிக்கோடு தொடங்கும். அந்த இடத்தில் தங்கள் சிறந்த சொந்தப் பாட்டின் மெட்டைக் குரல் இல்லாமல் வாசிக்கலாம். நடுவில் நான்கைந்து தெரிந்த பாட்டு. பிறகு அதே சொந்தப் பாட்டை வரிகளோடு பாடலாம். கூட்டத்துக்கு அது ஏற்கெனவே கேட்ட மெட்டாக இருக்கும், எங்கே கேட்டோம் என்று யோசிக்காமலே தலையாட்டுவார்கள். முடிக்கும்போது அதன் பல்லவியை மட்டும் ஒரு முறை. ஒரே இரவில் மூன்று தடவை காதில் விழுந்த பாட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் வாயில் வரும்.

நிகழ்ச்சியை இப்படி அடுக்குவதன் அருமையை நம் ஊர்க்காரர் ஒருவர் நூறு ஆண்டுக்கு முன்பே காட்டியிருக்கிறார். காரைக்குடியை ஒட்டிய அரியக்குடியில் 1890ல் பிறந்தவர் ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கி, பல கீர்த்தனைகளை அளவாகப் பாடி, நடுவில் கனமான பகுதியை வைத்து, கடைசியில் துக்கடாக்களோடு இளைப்பாறவிடும் இன்றைய கர்நாடகக் கச்சேரி முறை அவரால்தான் நிலைபெற்றது என்பார்கள். கேட்பவரின் கவனம் எப்போது ஏறும், எப்போது தளரும் என்று பார்த்து அமைத்த வரிசை அது. ராக் குழு தன் பாட்டு வரிசையை எழுதும்போது அவருடைய பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு உட்காரலாம்.

நேரத்தையும் மறக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் பொதுவான அனுமதி. ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல், பண்டிகைக் காலங்களில் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். புறப்பாடு தாமதமாகி ஒன்பதரைக்கு மேடை கிடைத்தால் அரை மணி நேரம்தான். அந்த அரை மணிக்கென்று தனி வரிசை ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

தமிழ் ராக் வரிகளில் குறிலும் நெடிலும்

ராக் பாட்டைத் தமிழில் எழுதுபவர்கள் மெட்டைப் போட்டுவிட்டு அதற்குள் சொல்லைத் திணித்தால் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் எந்த அசையையும் இழுத்துக் கத்தலாம், சொல் மாறாது. தமிழில் குறிலை இழுத்தால் வேறு சொல்லாகிவிடும். கல் கால் ஆகும், பல் பால் ஆகும், அடி ஆடி ஆகும். பல்லவியின் உச்சத்தில் நீண்ட சுரம் விழுகிற இடத்தில் நெடில் இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. "வா", "போ", "நீ", "ஏன்", "யார்" போன்ற சொற்கள் அந்த இடத்துக்கென்றே பிறந்தவை. வேகமாக ஓடும் வரிகளுக்குக் குறில் நிறைந்த சொற்கள் தாமாகவே தாளம் போடும்.

சந்தத்தைத் தேடி வெளியே போகவும் வேண்டாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் காவடிக் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, கால் தாளம் போட்டுக்கொண்டே போகும். களைத்துப்போன நூறு பேர் ஒன்றாகப் பாடக்கூடிய வரி எப்படி இருக்கும் என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லித்தராது. ராக் பல்லவிக்கு வேண்டியதும் அதே வரிதான். காரைக்குடியில் கம்பன் விழா 1939லிருந்து நடந்துவருகிறது. செய்யுளைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டு மகிழும் காதுகள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வரியில் கவனம் வைத்தால் அது வீண் போகாது.

எதைப் பற்றி எழுதுவது என்றால், கண் முன்னால்தான் இருக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், யாரோ ஓர் ஆச்சி சீராகக் கொண்டுவந்த எனாமல் தூக்குச்சட்டி தூசியோடு அடுக்கியிருக்கிறது. அதை வாங்கிப் போகிறவருக்கு அவர் பெயர் தெரியாது. சாவி ஓரிடத்தில், பங்காளிகள் நான்கு நாட்டில் என்று நிற்கும் வீடு இருக்கிறது. பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வேலைக்குப் போகும் நண்பனை விடியற்காலையில் ரயிலேற்றிவிட்டு வருகிற வழி இருக்கிறது. இவற்றை இங்கேயே இருக்கிறவர்கள்தான் பாட முடியும்.

புள்ளிக் கணக்கு

நகரத்தார் கோயில் கணக்கில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. வரி வாங்குவதும் அந்தக் கணக்கில்தான். ஊரில் எத்தனை தலை தெரிகிறது என்பது முக்கியமில்லை, பெயர் எழுதி, பொறுப்பு ஏற்றவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு. குழு தன் ரசிகர்களையும் இப்படித்தான் எண்ண வேண்டும் என்று நினைக்கிறேன். திருவிழா மேடைக்கு முன்னால் இரண்டாயிரம் பேர் இருக்கலாம், அவர்கள் சாமி பார்க்க வந்தவர்கள். முப்பது நொடிக் காணொளியைப் பல்லாயிரம் பேர் பார்க்கலாம், அவர்கள் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள். இரண்டாவது தடவை தேடி வந்தவர்தான் ஒரு புள்ளி.

ஐம்பது புள்ளி சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஸ்பாட்டிஃபை 2024லிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு பாட்டு 12 மாதத்தில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்பட்டால்தான் அதற்கு உரிமைத்தொகை. ஐம்பது பேர் ஆண்டுக்கு இருபது தடவை கேட்டால் அந்த ஆயிரம் வந்துவிடும். தொகை மிகச் சிறியது. ஆனால் கணக்கில் ஏறிவிட்ட பாட்டு அது. யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரரும் ஆண்டுக்கு 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு என்றால் அறுபதாயிரம் முழுப் பார்வைகள். ஐம்பது பேரால் அது ஆகாது. அதனால் முதல் இரண்டு மூன்று ஆண்டு யூடியூபை வருமானமாக நினைக்காமல், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற நம்மவர்களுக்கு முகம் காட்டும் சன்னலாக நினைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் கல்யாணத்துக்கு ஊர் வரும்போது "அந்தப் பசங்களக் கூப்பிடலாமே" என்று சொல்வதுதான் வருமானம்.

புள்ளிகள் சேர்வதற்கு நாள் நிலையாக இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை, ஒரே வளவு, ஒரே நேரம். மழையோ வெயிலோ அந்த நாளில் குழு இருக்கும் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். முதல் மாதம் எட்டுப் பேர் வரலாம். அந்த எட்டுப் பேருக்கும் ஐம்பது பேருக்கு வாசிக்கிற மாதிரியே வாசிக்க வேண்டும். அழகப்பா கல்லூரிகளால் இந்த ஊருக்கு ஆண்டுதோறும் வெளியூர் மாணவர்கள் புதிதாக வந்துகொண்டே இருக்கிறார்கள், அவர்கள் சனிக்கிழமை மாலைக்குப் போக்கிடம் தேடுகிறவர்கள். அப்புறம் மதுரைக்கும் திருச்சிக்கும் போகலாம், இரண்டும் இங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். இரவு வாசித்துவிட்டு வீட்டுக்கே வந்து படுக்கலாம். சென்னைக்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். ஊரில் ஐம்பது பேரைச் சேர்க்காமல் நானூறு கிலோமீட்டர் போய் வாசித்தால் அங்கேயும் அந்நியர், திரும்பி வந்தால் இங்கேயும் அந்நியர்.

இன்னொரு கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று நண்பர்கள் தொடங்கும்போது வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று பேசக் கூச்சப்படுவார்கள். பாடல் பேர் வாங்கிய பிறகு பேசினால் நட்பு போய்விடும். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள உரிமை, அவர்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். பேரப்பிள்ளைகள் வரை போகிற சொத்தை வாய்ப் பேச்சில் விடலாமா? வரவு, செலவு, இருப்பு, கடன் எல்லாவற்றையும் ஐந்தொகையாக எழுதிவைத்துப் பழகிய மண் இது. ஒவ்வொரு பாட்டுக்கும் பங்கு இன்னது என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட ஒரு நோட்டுப் போதும்.

பாட்டின் உரிமையை ஒரு சொத்தாகப் பார்க்க இந்த ஊர் முன்பே கற்றிருக்கிறது. 1907ல் காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், படமெடுக்கும் முன்னால் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டுத் தொழில் செய்தவர். 1940களில் காரைக்குடியிலேயே ஸ்டுடியோ அமைத்து, பாரதி பாடல்கள் இடம்பெற்ற படத்தை இங்கே எடுத்தார். பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை அப்போது அவரிடம் இருந்தது. பிறகு அரசு அவற்றைப் பொதுவாக்க முன்வந்தபோது அவர் விட்டுக்கொடுத்தார். அதனால்தான் இன்று எந்தக் குழுவும் யாரிடமும் கேட்காமல் பாரதிக்கு ராக் மெட்டுப் போடலாம். சொந்த வரி கைகூடும் வரை பழகுவதற்கு அதைவிட நல்ல வரிகள் கிடைக்காது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் முற்றத்துப் பக்கக் கதவுகளைச் சாத்த வேண்டியிருக்கும். முன்பு கணக்குப் போட்ட அந்தக் கூடம் திரும்பவும் 6 நொடிக் கூடமாகிவிடும். ஆனால் மனித உடம்பும் உடுப்பும் ஒலியை நன்றாக உறிஞ்சும், ஓர் ஆளுக்குக் கிட்டத்தட்ட அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது பேர் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால் 6 நொடி இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். மதியம் காலிக் கூடத்தில் டிரம்மர் தட்டிப் பார்த்தபோது சுற்றிச் சுற்றி வந்த சத்தம், ஆறரை மணிக்கு அதே சுவர்களுக்கு நடுவே தட்டினால் சட்டென்று அடங்குகிறது. வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. பேஸ்காரர் தலையசைக்கிறார், பாட்டைத் தொடங்கலாம்.